சாவி மறக்கிறது, பழைய அவமானம் மறக்கவில்லை

கேள்வி: எனக்கு வயது 46. ஆறேழு மாதமாக மறதி அதிகமாகிவிட்டது. சாவியைத் தினமும் தேடுகிறேன். நேற்று பீரோவைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் நின்றேன். ஆனால் இருபது வருடத்துக்கு முன்பு மேலதிகாரி எல்லோர் முன்னாலும் திட்டியது மட்டும் வார்த்தை மாறாமல் ஞாபகம் வருகிறது. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துவிடுகிறேன். கடைசிக் காலத்தில் அம்மாவுக்கு மறதி நோய் இருந்தது. எனக்கும் அதுதானா?

பதில்: பீரோ முன்னால் நின்றதை இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறீர்களே, அதுவே எனக்குக் கொஞ்சம் நிம்மதி. மறதி நோயில் பெரும்பாலும் நோயாளியைவிட வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் பதறுவார்கள். சொன்னதையே சொல்கிறார், பழகிய வழியில் தடுமாறுகிறார் என்று அவர்கள்தான் கூட்டிவருவார்கள்.

புது நினைவுகள் பதிய மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வேண்டும். 1953-இல் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக இருபுறமும் அதில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். பால்ய நினைவுகள் இருந்தன. ஆனால் சற்றுமுன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் புது ஆள். உங்கள் சாவி விஷயம் வேறு மாதிரி. வைக்கும்போதே நீங்கள் அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். பதியாததை எங்கே போய்த் தேடுவது? என் அப்பா இறந்த மாதம் முழுக்க நானும் மருந்துச்சீட்டில் முந்தைய மாதத்தையே எழுதிக்கொண்டிருந்தேன். மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார்.

மேலதிகாரி சங்கதிக்கு வருவோம். அவமானமும் பயமும் கலந்தவை ஆழமாகப் பதியும். அதை ராத்திரிதோறும் எடுத்துப் பார்த்தால் இன்னும் அழுத்தமாகும். ஆனால் ‘வார்த்தை மாறாமல்’ என்பதை நான் நம்பமாட்டேன். ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் நினைவு கொஞ்சம் திருத்தி எழுதப்படுகிறது. இருபது வருடத்தில் அவர் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டதோ!

உங்கள் கடிதத்தில் மறதியைவிட எனக்கு உறுத்துவது அந்த மூன்று மணி விழிப்புதான். அதோடு, பிடித்த வேலைகளில்கூட நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறதா? அப்படியென்றால் மனச்சோர்வாக இருக்கலாம். அது கவனத்தைத் தின்றுவிடும். பார்ப்பதற்கு மறதி போலவே இருக்கும். சிகிச்சையில் நன்றாகத் தேறக்கூடியது. தைராய்டு குறைந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் இப்படி ஆகலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். தூக்க மாத்திரை, சளி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் மட்டும் தள்ளிப்போடாமல் அன்றைக்கே போய்விடுங்கள்.

அதுவரை சாவிக்கு ஓர் ஆணி அடியுங்கள். மாட்டும்போது ‘மாட்டிவிட்டேன்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யும். மூன்று மணிக்கு விழித்தால் படுக்கையில் புரளாதீர்கள். எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, மனதில் ஓடுவதை ஒரு தாளில் கிறுக்கிவிட்டு, தூக்கம் வந்த பிறகு படுங்கள்.

மனநல மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிப்போங்கள். உங்கள் மறதியைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்பதையும் டாக்டர் கேட்பார்.