ஜவ்வு நன்றாக இருந்தும் காது கேட்கவில்லையே!

கேள்வி: டாக்டர் ஐயா, என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். வலது காது மந்தமாகிவிட்டது. காது ஜவ்வில் ஓட்டை இல்லை, உள்ளே எலும்பில் கோளாறு இருக்கலாம், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்கிறார்கள். கம்ப்யூட்டரிலேயே கண்டுபிடிக்கலாம் என்கிறான் மகன். உண்மையா?
— வாசகி, கீழக்கரை

பதில்: மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது, அம்மா. ஆனால் அந்த முறை இன்னும் நம்மூர் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேரவில்லை.

ஜவ்வுக்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள். அங்கவடியின் உயரம் 3 மில்லிமீட்டர்தான். அது இறுகிப்போனாலும் கேட்காது, பட்டடையோடு சேரும் மூட்டு விட்டுப்போனாலும் கேட்காது. ராமநாதபுரத்தில் நான் பார்த்த குளியாட்களில் சிலர், "வல்லத்தில் இஞ்சின் ஓடும்போதுதான் சார் நல்லாக் கேட்குது" என்பார்கள். அப்படிச் சொன்னாலே உள்காது பிழைத்திருக்கிறது என்று எனக்கு நம்பிக்கை வரும். உடனே இசைக்கவையை (தட்டினால் ஒலிக்கும் உலோகக் கவை) தட்டிக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைப்பேன். காதுக்கு நேரே பிடிப்பதைவிட அங்கே சத்தமாகக் கேட்டால் கோளாறு நடுக்காதில்தான்.

எந்த எலும்பு என்பதுதான் கஷ்டம். வழக்கமான அழுத்தப் பரிசோதனை 226 ஹெர்ட்ஸ் என்ற ஒரே ஒலியை அனுப்புகிறது. கடலில் கிழிந்து ஆறித் தளர்ந்த ஜவ்வு என்றால் அதன் ஆட்டமே பெரிதாகத் தெரிந்து, பின்னால் இருப்பதை மறைத்துவிடும். இப்போது 8000 ஹெர்ட்ஸ் வரை ஒலி அனுப்பி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளக்கும் கருவிகள் உண்டு. மூட்டு விட்ட காதில் பெரும்பாலும் அந்த அளவின் வரைபடத்தில் 500-800 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்மையான மேடு எழும்.

கம்ப்யூட்டரில் கணக்காகச் செய்யும் மாதிரிக் காது இங்கேதான் கைகொடுக்கும். ஜவ்வையும் எலும்புகளையும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எடையும் விறைப்பும் கொடுத்துக் கணக்குப் போடுவார்கள். பூனையின் ஜவ்வுக்கு 1978-லேயே கனடாவில் போட்டுவிட்டார்கள். கணக்கில் அங்கவடியை அசையவிடாமல் பிடிக்கலாம், மூட்டை அறுக்கலாம். உங்கள் வீட்டுக்காரரின் அளவு எதோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கலாம். ஆனால் நல்ல காதுகளே ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும், அதுதான் முட்டுக்கட்டை. அதனால் திறந்து பார்க்கச் சொன்ன டாக்டரைத் தப்பு சொல்ல மாட்டேன்.

சரி, ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் ஒன்று கேளுங்கள்: "அப்புறம் கடலில் முங்கலாமா?" 5, 6 பாகம் (சுமார் 10 மீட்டர்) இறங்கினாலே அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரட்டிப்பு. அங்கவடிக்குப் பதிலாகப் பிஸ்டன் என்ற சின்னச் செயற்கைத் தண்டு வைத்தவர்களை முங்க வேண்டாம் என்றே பல டாக்டர்கள் சொல்வார்கள். பிழைப்பே அதுதான் என்றால் காது மெஷினும் நல்ல வழி, இந்த வகைக் கோளாறுக்கு நன்றாகவே உதவும். முடிவு தெரியும்வரை அவரைக் குளிக்க அனுப்பாதீர்கள். தலை சுற்றினாலோ, திடீரென்று இன்னும் கேட்காமல் போனாலோ அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.