66ஏ வழக்கு என்று வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்தால்

குடிநீர் வராததைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதியதற்கு, இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்பியதாகச் சொல்லி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் போலீஸ் வழக்குப் போட்டு, வாட்ஸ்அப்பில் நோட்டீஸும் அனுப்பியிருக்கிறது என்கிறீர்கள். அந்தப் பிரிவே இப்போது இல்லை. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 24.3.2015 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதற்குப் பிறகும் போலீஸ் பழக்கதோஷத்தில் அந்தப் பிரிவைப் போட்டுக்கொண்டே இருந்ததால், அதில் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மறுபடி உத்தரவிட்டது.

முதலில் எஃப்ஐஆர் நகலை வாங்கிப் பாருங்கள். 66ஏ மட்டும் என்றால் வழக்கே நிற்காது; பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 528-இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடலாம். கூடவே பிஎன்எஸ் (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்தது) 353, அதாவது பொது அமைதியைக் கெடுக்கும் பேச்சு, இருந்தால் 66ஏ மட்டும்தான் கழன்று விழும், மற்றது தொடரும். பலர் ஏமாறுவது இங்கேதான். 356, அதாவது அவதூறு என்றால், போலீஸ் தானாகப் பதிய முடியாது. பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் தனிப் புகார் கொடுக்க வேண்டும்.

விசாரணைக்கு வரச் சொல்லி போலீஸ் கொடுக்கும் பிஎன்எஸ்எஸ் 35 நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள், வக்கீல் மூலம் எழுத்தில் பதில் கொடுங்கள்.

பதிவைப் பயந்து அழித்துவிடாதீர்கள். தேதி, நேரம், பதிவின் இணைய முகவரி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நீங்கள் எழுதியது வெறும் குறை என்பதற்கு அதுதான் சாட்சி.