தங்கை எப்படித் தொடக்கநிலை 5க்குப் போனாள்?

கேள்வி: பொங்கோலில் ஒரு துணைப்பாட நிலையத்துக்கு லாராவெல் என்ற வலைத்தள ஃப்ரேம்வொர்க்கில் பதிவுப் படிவம் செய்கிறேன். பெற்றோர், பிள்ளை, வகுப்பு, உறுதிப்படுத்தல் என நான்கு படிகள். எல்லாவற்றையும் செஷனில் (ஒருவரின் விவரங்களைச் சர்வர் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்) வைத்திருந்து கடைசியில்தான் சேமிக்கிறேன். சிலருக்கு நடுவிலேயே 419 (பக்கம் காலாவதி) பிழை வந்து எழுதியதெல்லாம் போய்விடுகிறது. இரண்டு பிள்ளைகளைப் பதிபவர்களுக்கு விவரங்கள் கலந்துவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டுக்கும் காரணம் செஷன்தான். லாராவெலில் அதன் ஆயுள், நீங்கள் மாற்றாதவரை, 120 நிமிடம். இரண்டாம் படியில் விட்டுவிட்டு, பிள்ளையை அழைத்து வந்து, சமைத்து முடித்து ஓர் அம்மா ‘அடுத்து’ என்று அழுத்தும்போது செஷன் காலாவதியாகியிருக்கும். படிவம் உங்கள் தளத்திலிருந்தே வந்தது என்று காட்டும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் பொருந்தாது, 419 வரும். நேரத்தைக் கூட்டலாம்தான், ஆனால் அது ஒட்டுவேலை.

விவரம் கலப்பதுதான் பெரிய ஆபத்து. செஷன் பிரவுசருக்கு ஒன்று, டேபுக்கு ஒன்று அல்ல. அப்பா அண்ணனுக்கு ஒரு டேப், தங்கைக்கு ஒரு டேப் திறக்கிறார். அண்ணன் பெயரை எழுதிவிட்டு மற்ற டேபில் தங்கை பெயரை எழுதியதுமே செஷனில் அண்ணன் காணாமல் போகிறான். அப்புறம் அண்ணன் டேபுக்குத் திரும்பி தொடக்கநிலை 5 என்று தேர்ந்தெடுத்து அனுப்புகிறார். பிழைச் செய்தி எதுவும் வராது. தங்கை தொடக்கநிலை 5 வகுப்பில் உட்கார்ந்திருப்பாள்!

முதல் படி முடிந்ததுமே டேட்டாபேஸில் ‘வரைவு’ நிலையில் ஒரு வரி போட்டுவிடுங்கள். அதற்கு ஒரு யூயூஐடி (வேறெதற்கும் வராத நீண்ட அடையாளக் குறி) கொடுத்து, அடுத்த படிகளின் முகவரியில் அதையே வையுங்கள். டேபுக்கு ஒரு வரைவு, கலக்க வழியில்லை. 419 வந்தாலும் அந்த ஒரு பக்கம்தான் போகும். பிற்படிகளுக்கான நெடுவரிசைகள் காலியாக இருக்க டேபிள் அனுமதிக்க வேண்டும். படிக்கு ஒரு ஃபார்ம் ரிக்வெஸ்ட் (எழுதியதைச் சரிபார்க்கும் கிளாஸ்) எழுதுங்கள். கடைசியில் முழு வரியையும் மறுபடி சரிபாருங்கள், நான்காம் படியின் முகவரியை நேரே தட்டி வருபவர்களும் உண்டு. லாகின் இல்லையென்றால், விட்ட இடத்திலிருந்து தொடரக் காலவரம்புள்ள கையொப்ப இணைப்பை (முகவரியை மாற்றினால் செல்லாது) மின்னஞ்சலில் அனுப்பலாம்.

சரி, வரைவைச் சேமித்தால் பொறுப்பும் கூடவே வரும். முடிக்காத வரைவுகளை 14 நாளில் அழிக்க, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் ஷெட்யூலரில் ஒரு வேலை போடுங்கள். அடையாள அட்டை எண்ணுக்குக் கட்டம் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். சட்டம் கேட்டாலோ, ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்தே ஆகவேண்டும் என்றாலோ தவிர அதை வாங்கக்கூடாது என்ற நடைமுறை சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் எண்ணுக்கும் அதே கதைதான்.

இன்னொன்று, அஞ்சல் குறியீட்டை எண்ணாகச் சேமிக்காதீர்கள். மரினா பே சாண்ட்ஸின் 018956, முன்னால் இருக்கும் பூஜ்யம் போய் ஐந்து இலக்கமாகிவிடும்.