கடைசி 10 மேட்சை வச்சு டீமை எடை போடலாமா? செப்டம்பர் பேஸ்பால் பாக்குறவங்களுக்கு

கேள்வி: மிச்சிகன்ல இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கார். "கிரிக்கெட் பாத்து வளந்த ஆளு நான், ஆபீஸ்ல எல்லாரும் டைகர்ஸ் டைகர்ஸ்னு பேசுறதால சில வருஷமா பேஸ்பாலும் பாக்குறேன். ப்ளேஆஃப் வந்தா ஆபீஸ்ல ஒரு ப்ராக்கெட் போடுவோம், எந்த ரவுண்டுல யார் ஜெயிப்பாங்கன்னு எழுதிக் கொடுக்கணும். நான் ஸ்டாண்டிங்ஸ்ல (வெற்றி தோல்விப் பட்டியல்) கடைசி 10 மேட்ச் காலமை பாத்து நல்லா ஆடிட்டு இருக்குற டீமை எடுப்பேன். 2025ல அப்படித்தான் கார்டியன்ஸை (க்ளீவ்லண்ட் டீம்) எடுத்தேன், முதல் ரவுண்டுலயே போச்சு. சீசன் கடைசில ரெண்டு டீமோட ஃபார்மை எப்படித்தான் ஒப்பிடுறது?"

பதில்: உங்க கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி கலந்து கிடக்கு, அதான் சிக்கல். யார் ப்ளேஆஃபுக்குள்ள வருவாங்கங்கிறது ஒண்ணு, வந்த பிறகு யார் ஜெயிப்பாங்கங்கிறது இன்னொண்ணு. முதல் கேள்விக்கு செப்டம்பர் ஆட்டம் ரொம்ப முக்கியம், ஏன்னா ஜெயிச்ச மேட்ச் எல்லாம் கணக்குல ஏறிடுச்சு, யாரும் திருப்பி எடுக்க முடியாது. ரெண்டாவது கேள்விக்கு அதே செப்டம்பர் ரெக்கார்டு கிட்டத்தட்ட ஒண்ணுத்துக்கும் உதவாது. நீங்க முதல் கேள்வியோட விடையை எடுத்து ரெண்டாவதுக்கு எழுதிட்டீங்க.

2025 கதையையே எடுத்துக்குவோம், டைகர்ஸ் உங்க ஊர் டீம்ங்கிறதால. ஜூலைல கார்டியன்ஸ் டைகர்ஸை விட 15.5 கேம் (வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டி ரெண்டால வகுத்தது) பின்னாடி இருந்தாங்க, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி தான் வரிசையா 10 மேட்ச் தோத்திருந்தாங்க. அங்க இருந்து செப்டம்பர்ல 20 ஜெயிச்சு 7 மட்டும் தோத்து, கடைசி ரெண்டு வாரத்துல டைகர்ஸோட ஆடின 6 மேட்ச்ல 5 ஜெயிச்சு, 88-74னு (88 வெற்றி, 74 தோல்வி) முடிச்சு டிவிஷனை (லீக்குக்குள்ள அஞ்சு டீம் சேந்த பிரிவு) தட்டிட்டுப் போனாங்க. டைகர்ஸ் 87-75, வைல்ட் கார்டுல (டிவிஷன் ஜெயிக்காத நல்ல டீம்களுக்கு உள்ள இடம்) கடைசி சீட்டுல தொத்திக்கிட்டு உள்ள வந்தாங்க. அப்புறம் அதே ரெண்டு டீமும் க்ளீவ்லண்ட்ல மூணு மேட்ச் சீரிஸ் ஆடினாங்க, டைகர்ஸ் 2-1னு ஜெயிச்சாங்க. முதல் மேட்ச்ல டைகர்ஸ் பிட்சர் (பந்து போடுறவர்) டாரிக் ஸ்கூபல் 14 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை மூணு ஸ்ட்ரைக்ல வெளியேத்துறது), ஸ்கோர் 2-1. இதே ஸ்கூபலை இதே கார்டியன்ஸ் ஒரு வாரத்துக்கு முன்னாடி இதே கிரவுண்ட்ல 5-2னு தோக்கடிச்சிருந்தாங்க! ஸ்கூபலோட ஃபார்ம் போயிடுச்சுன்னு அந்த வாரம் யாராவது உங்ககிட்ட சொல்லியிருந்தா என்ன அர்த்தம் அதுக்கு? லீக்லயே டாப் பிட்சர் ஒருத்தருக்கு ஒரு மேட்ச் சரியில்ல, அவ்ளோதான்.

10 மேட்ச்ங்கிறது எவ்ளோ சின்னதுன்னு கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு காசை 10 தடவை சுண்டினா 7 இல்ல அதுக்கு மேல தலை விழுற வாய்ப்பு 17 சதவீதம். அதாவது 30 டீமும் ஒரே தரம்னு வச்சுக்கிட்டாலே எந்த நேரத்துல ஸ்டாண்டிங்ஸைத் திறந்தாலும் சராசரியா அஞ்சு டீம் 7-3, 8-2னு சூப்பரா ஆடுற மாதிரி தெரியும், இன்னொரு அஞ்சு டீம் செத்த மாதிரி தெரியும். நெஜமாவே நல்ல டீமுக்கும் இதே கதைதான். 60 சதவீத டீம்னா 162 மேட்ச்ல 97 ஜெயிக்கும், பெரும்பாலான வருஷங்கள்ல டிவிஷனையே தூக்கிடும், ஆனா அந்த டீமே ஏதாவது ஒரு 10 மேட்சை எடுத்தா 4 இல்ல அதுக்கும் கம்மியா ஜெயிக்கிற வாய்ப்பு ஆறுல ஒண்ணு. பேஸ்பால்ல நல்ல டீமுக்கும் மோசமான டீமுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி ஒரு மேட்ச்ல தெரியவே தெரியாது, அதனால தான் 162 ஆடுறாங்க.

சரித்திரமும் இதைத்தான் சொல்லுது. 2000ல யாங்கீஸ் கடைசி 18 மேட்ச்ல 15 தோத்து 87-74னு நொண்டிக்கிட்டு வந்தாங்க, கப் அவங்களுக்கு. 2006 கார்டினல்ஸ் செப்டம்பர் கடைசில வரிசையா 7 தோத்து 83-78னு முடிச்சாங்க, அவங்களும் வேர்ல்ட் சீரிஸ் (கப்புக்கான கடைசி சீரிஸ்) ஜெயிச்சாங்க. 2017 இன்னும் வேடிக்கை. க்ளீவ்லண்ட் வரிசையா 22 மேட்ச் ஜெயிச்சாங்க, அதே சமயத்துல டாட்ஜர்ஸ் 17 மேட்ச்ல 16 தோத்துட்டு நின்னாங்க. அன்னிக்கு உங்க காலமை பாத்து ப்ராக்கெட் போட்டிருந்தா யாரை எடுத்திருப்பீங்கன்னு சொல்லவே வேண்டாம். க்ளீவ்லண்ட் முதல் சீரிஸ்லயே யாங்கீஸ்கிட்ட அவுட், டாட்ஜர்ஸ் வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது மேட்ச் வரைக்கும் போனாங்க. 2021ல கார்டினல்ஸ் செப்டம்பர்ல 17 மேட்ச் வரிசையா ஜெயிச்சுட்டு ஒரே ஒரு வைல்ட் கார்டு மேட்ச்ல கிளம்பிட்டாங்க.

எதிர்ப்பக்கமும் இருக்கு, மறைக்கல. 2007ல ராக்கீஸ் கடைசி 15 மேட்ச்ல 14 ஜெயிச்சு உள்ள வந்து அடுத்த ரெண்டு ரவுண்டும் ஒரு மேட்ச் கூட தோக்காம போனாங்க (அப்புறம் எட்டு நாள் சும்மா உக்காந்துட்டு வேர்ல்ட் சீரிஸ்ல ரெட் சாக்ஸ்கிட்ட 4-0). 2011 கார்டினல்ஸ் செப்டம்பர் ஆரம்பத்துல ப்ரேவ்ஸை விட 8.5 கேம் பின்னாடி, கடைசி நாள்ல உள்ள வந்து கப்பையே அடிச்சாங்க. டிவில இந்த ரெண்டு கதையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுவாங்க, 2017 க்ளீவ்லண்ட் கதையை அவ்வளவா சொல்லமாட்டாங்க. சூடா வந்து ஜெயிச்சதும் உண்டு, சூடா வந்து தோத்ததும் உண்டு, அதை வச்சு யாரையும் எடுக்கவும் முடியாது தள்ளவும் முடியாது.

சரி அப்போ எதைப் பாக்குறது?

முதல்ல ரன் வித்தியாசம். எடுத்த ரன், கொடுத்த ரன். கிரிக்கெட்ல நெட் ரன் ரேட் பாத்தவர் நீங்க, கிட்டத்தட்ட அதே தான், ஆனா இங்க அதுக்கு டை-பிரேக்ல வேலை இல்ல, டீமோட தரத்தைக் கணிக்க மட்டும் வச்சுக்கலாம். பில் ஜேம்ஸ்னு ஒருத்தர் சொன்ன ஃபார்முலா இது: எடுத்த ரன்னோட வர்க்கத்தை, எடுத்த ரன் வர்க்கமும் கொடுத்த ரன் வர்க்கமும் கூட்டினதால வகுத்தா வெற்றி சதவீதம் வந்துடும். 800 எடுத்து 700 கொடுத்த டீம்னா 0.566, அதாவது 162க்கு கிட்டத்தட்ட 92 வெற்றி. மனக்கணக்கு போதும்னா 10 ரன்னுக்கு ஒரு வெற்றின்னு வச்சுக்கோங்க, 81ல இருந்து கூட்டிக் கழிச்சுக்கலாம். இதை ஸ்டாண்டிங்ஸ் பக்கத்துல வச்சுப் பாத்தா யார் அதிர்ஷ்டத்துல ஓடுறாங்கன்னு தெரியும். 2025ல டைகர்ஸுக்கு 60க்கு மேல ப்ளஸ், கார்டியன்ஸ் சீசன் முழுக்க எடுத்ததை விட கொடுத்தது கொஞ்சம் அதிகம், மைனஸ்ல இருந்த டீம் டிவிஷன் ஜெயிச்சிருக்கு. அந்த ஒரு நம்பரைப் பாத்திருந்தாலே நீங்க கொஞ்சம் யோசிச்சிருப்பீங்க.

இதோட சேத்துப் பாக்க வேண்டியது ஒரு ரன் வித்தியாசத்துல முடிஞ்ச மேட்ச்கள். 2016ல டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அந்த மாதிரி மேட்ச்ல 36-11, மொத்தமா 95 வெற்றி, ஆனா ரன் வித்தியாசம் வெறும் ப்ளஸ் 8. ப்ளேஆஃப்ல ப்ளூ ஜேஸ் 3-0னு அனுப்பி வச்சாங்க. நெருக்கமான மேட்ச்ல ஜெயிக்கத் தெரிஞ்ச டீம்னு கமெண்ட்ரில புகழுவாங்க. நல்ல புல்பென் (மேட்ச் நடுவுல இறங்குற பிட்சர்கள்) இருந்தா கொஞ்சம் உதவும், மறுக்கல, ஆனா 36-11ல பெரும்பகுதி அதிர்ஷ்டம், அது அடுத்த மாசத்துக்கும் கூட வரும்னு ஒரு உத்தரவாதமும் இல்ல.

அதுக்காக ஏப்ரல்ல இருந்து எல்லாத்தையும் ஒரே எடையா எடுக்கணும்னு சொல்லல. ஜூலை கடைசில ட்ரேட் டெட்லைன் (டீம்கள் ஆளுங்களை மாத்திக்க கடைசி நாள்) வரும், அதுக்கப்புறம் ஒரு டீம் வேற டீமாவே ஆயிடலாம். 2021 ப்ரேவ்ஸ் தான் இதுக்கு கை கண்ட உதாரணம். ஆகஸ்ட் வரைக்கும் பாதிக்கு மேல ஜெயிச்ச டீமாவே அவங்க இல்ல, ஜூலைல அவங்க ஸ்டார் ஆட்டக்காரர் அக்குன்யாவுக்கு முட்டி போய் சீசன் முடிஞ்சது, அவங்க என்ன பண்ணாங்க, பீடர்சன், டுவால், ரொசாரியோ, சோலேர்னு நாலு அவுட்ஃபீல்டரை அந்த ஒரே மாசத்துல வாங்கிப் போட்டாங்க, 88 வெற்றியோட வந்து கப் அடிச்சாங்க. அந்த மாதிரி டீமுக்கு ஏப்ரல், மே நம்பரை வச்சு என்ன பண்றது? இப்ப இருக்குற ஆளுங்க சேந்து ஆடினது எத்தனை மேட்ச்சோ அதுக்கு எடை கூட கொடுங்க, ஆகஸ்ட் 1ல இருந்து பாத்தா 50 மேட்ச்சுக்கு மேல கிடைக்கும், 10க்கு அது எவ்ளோ மேல். அதுலயும் வெற்றி தோல்வியைப் பாக்காம பிட்சர்களோட ஸ்ட்ரைக்அவுட்டும் வாக்கும் (நாலு தப்பான பால் போட்டு பேட்டரை சும்மா பேஸுக்கு அனுப்புறது) பாருங்க. அடிச்ச பால் ஃபீல்டர் கைக்குப் போகுதா காலியா இருக்குற இடத்துக்குப் போகுதாங்கிறதுல அதிர்ஷ்டம் நிறைய, ஸ்ட்ரைக்அவுட்லயும் வாக்லயும் அந்தக் குழப்பம் கம்மி. ஒரு ஸ்டார்ட்டர் (மேட்சை ஆரம்பிக்கிற பிட்சர்) கடைசி மூணு மேட்ச்ல நிறைய ரன் கொடுத்திருந்தாலும் ஸ்ட்ரைக்அவுட் குறையல, வாக் கூடல, பால் வேகமும் இறங்கலன்னா நான் கவலைப்படமாட்டேன், வேகம் ரெண்டு மைல் இறங்கியிருந்தா ஜெயிச்சுட்டு இருந்தாலும் கவலைப்படுவேன்.

அடுத்தது யாரோட ஆடினாங்க. செப்டம்பர்ல சில டீம் நெஜமா ஆடாது, டெட்லைன்ல நல்ல ஆளுங்களை வித்துட்டு சின்னப் பசங்களை இறக்கி விட்டிருக்கும், அவங்களோட 5-1னு ஆடினதுக்கும் ப்ளேஆஃப் டீமோட 3-3னு ஆடினதுக்கும் எதுக்கு மதிப்பு அதிகம்னு உங்களுக்கே தெரியும். அதே மாதிரி க்ளின்ச் பண்ணின (ப்ளேஆஃப் சீட் உறுதியான) பிறகு வர்ற மேட்ச் எல்லாத்தையும் கணக்குல இருந்தே தூக்கிடுங்க. 2024ல டைகர்ஸ் செப்டம்பர் 27ஆம் தேதி ஒயிட் சாக்ஸை அடிச்சு ப்ளேஆஃப் உறுதி பண்ணாங்க, அன்னிக்கு ஒயிட் சாக்ஸுக்கு அது 121வது தோல்வி, நவீன காலத்துல யாரும் பாக்காத ரெக்கார்டு. அடுத்த ரெண்டு நாள் என்ன ஆச்சு தெரியுமா, அதே ஒயிட் சாக்ஸ்கிட்ட டைகர்ஸ் ரெண்டு மேட்ச்சும் தோத்தாங்க. அதுக்கப்புறம் ஹூஸ்டன் போய் ஆஸ்ட்ரோஸை 2-0னு முடிச்சாங்க. சீட் உறுதியான டீம் மேனேஜர் கடைசி வாரத்துல முக்கியமான ஆளுங்களுக்கு ரெஸ்ட் கொடுப்பார், எந்த பிட்சர் எந்த நாள் போடணும்னு அடுத்த வாரத்துக்கு அடுக்குவார், ஜெயிக்கிறது அவருக்கு ரெண்டாம்பட்சம்.

ப்ளேஆஃப்ல ஆட்டமே மாறும்ங்கிறதையும் சேத்துக்கணும். சீசன்ல அஞ்சு ஸ்டார்ட்டர் சுத்துவாங்க, சில டீம் ஆறு. அக்டோபர்ல நடுவுல லீவு நாள் வர்றதால மூணு, நாலு பேர் போதும், அஞ்சாவது ஆள் புல்பென்ல உக்காருவார். செப்டம்பர்ல 28 பேர் ரோஸ்டர் (ஆட்டக்காரங்க பட்டியல்), ப்ளேஆஃப்ல 26. அதனால ஒரு டீமோட செப்டம்பர் ரெக்கார்டுல நாலாவது அஞ்சாவது ஸ்டார்ட்டர் தோத்த மேட்ச் நிறைய இருந்தா அந்தத் தோல்விக்கு அக்டோபர்ல அர்த்தமே இல்ல, மாத்தியும் பாருங்க, அஞ்சு பேரும் ஓரளவு நல்லா போட்டு நிறைய ஜெயிச்ச டீமுக்கு அந்த ஆழம் மூணு மேட்ச் சீரிஸ்ல பயன்படாது. காயம் லிஸ்ட்டும் பாருங்க, பிட்சரை 15 நாள் லிஸ்ட்ல செப்டம்பர் நடுவுல போட்டா வைல்ட் கார்டு சீரிஸுக்கு அவர் வந்தாலும் முழுசா தயாரா இருப்பாரான்னு சந்தேகம் தான்.

ரேஸ் பாக்குறதுக்கு, அதாவது உங்க முதல் கேள்விக்கு, ஒரு வார்த்தை. வெற்றியைப் பாக்காம தோல்வி காலமைப் பாருங்க, ஆட வேண்டிய மேட்சை இனிமே ஜெயிக்கலாம், தோத்ததை மாத்த முடியாது. 2022ல இருந்து டை ஆனா எக்ஸ்ட்ரா மேட்ச் கிடையாது, ரெண்டு டீமும் சீசன்ல ஒருத்தரோட ஒருத்தர் ஆடினதுல யார் முன்னாடின்னு தான் முதல்ல பாப்பாங்க. 2025ல ப்ளூ ஜேஸும் யாங்கீஸும் 94-68, அந்த விதியால டிவிஷன் ப்ளூ ஜேஸுக்கு. ரெட்ஸும் மெட்ஸும் 83-79, மெட்ஸ் வீட்டுக்கு. அதனால ஒரே டிவிஷன்ல ரெண்டு டீம் நெருங்கி வந்தா அவங்களுக்குள்ள ஆடின 13 மேட்ச்ல யார் முன்னாடின்னு பாத்து, முன்னாடி இருக்குறவங்களுக்கு மனசுல அரை கேம் கூட்டிக்கோங்க.

ப்ராக்கெட்டுக்கு வருவோம். நிறைய ப்ராக்கெட்ல பின்னாடி ரவுண்டுக்கு பாயின்ட் அதிகம், உங்க ஆபீஸ் எப்படின்னு பாத்துக்கோங்க. அப்படி இருந்தா வேர்ல்ட் சீரிஸ் யாருன்னு முதல்ல எழுதிட்டு அங்க இருந்து பின்னாடி வாங்க, அதுக்கு ஆகஸ்ட்ல இருந்து ரன் வித்தியாசம் நல்லா இருக்குற, முதல் மூணு ஸ்டார்ட்டர் நல்லா இருக்குற டீமா பாருங்க, லீக்ல முதல் ரெண்டு சீடா (தரவரிசை) இருந்தா ஒரு ரவுண்டு ஆடவே வேண்டாம், அது சும்மா இல்ல. 2023ல ப்ரேவ்ஸ், ஓரியோல்ஸ், டாட்ஜர்ஸ் மூணும் 100 இல்ல அதுக்கு மேல வெற்றி எடுத்துட்டு ரெஸ்ட் எடுத்து வந்து முதல் சீரிஸ்லயே தோத்தாங்கன்னு சிலர் பயமுறுத்துவாங்க, அஞ்சு மேட்ச் சீரிஸ்ல அதெல்லாம் நடக்கும், அதுக்காக பை (ஒரு ரவுண்டு ஆடாம தாண்டுறது) வேண்டாம்னு எந்த டீமும் சொல்லப்போறதில்ல. மூணு மேட்ச் வைல்ட் கார்டு சீரிஸ் எல்லா மேட்ச்சும் மேல் சீடோட ஊர்லயே நடக்கும், அங்க கிட்டத்தட்ட சமமான ரெண்டு டீம்னா ஹோம் டீமை எழுதுங்க, எதிர்ல ஸ்கூபல் மாதிரி ஒருத்தர் முதல் மேட்ச் போடுறார்னா மட்டும் மாத்தி யோசிங்க. ரோஸ்டரும் முதல் மேட்ச் பிட்சரும் சீரிஸ் ஆரம்பிக்கிற வரைக்கும் மாறலாம், அதனால உங்க ஆபீஸ்ல எத்தனை மணி வரைக்கும் திருத்த விடுவாங்கன்னு கேட்டு வச்சுக்கோங்க.