நீரிழிவும் இரைப்பைப் புற்றுநோயும்: மரபுவழித் தொடர்பு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உண்டு. சென்ற ஆண்டு இரைப்பையில் புற்றுநோயும் கண்டறியப்பட்டது. இரண்டுக்கும் ஒரே மரபணுதான் காரணமா, டாக்டர்?

பதில்: அப்படிச் சொல்ல இடமில்லை. இரண்டாம் வகை நீரிழிவில் நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் பங்கு வகிக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆபத்தைச் சிறிதளவே கூட்டுகின்றன. அவற்றுள் சில, செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் இடங்களாகவும் இருப்பதால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது. எடுத்துக்காட்டாக, ஒன்பதாம் குரோமோசோமில் உள்ள சிடிகேஎன்2ஏ, சிடிகேஎன்2பி மரபணுக்களின் அருகே அமைந்த வேறுபாடுகள் நீரிழிவோடு தொடர்புடையவை என்று 2007இல் தெரியவந்தது. அங்கே உருவாகும் பி16 என்ற புரதம் செல் பிரிவதைத் தடுப்பது, இரைப்பைப் புற்றுக்கட்டிகள் பலவற்றில் அந்த மரபணு செயலிழந்து கிடக்கிறது. ஆனால் முன்னது பிறவியிலேயே வந்த வேறுபாடு, பின்னது கட்டிக்குள் பிற்பாடு நேர்ந்த மாற்றம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் பல குடும்பங்கள் வீணாக அஞ்சுகின்றன.

கேள்வி: நான் மருந்தியல் மாணவி. டிசிஎஃப்7எல்2 மரபணு இரு நோய்களையும் இணைக்கிறது என்கிறார்களே?

பதில்: ஐஸ்லாந்தில் 2006இல் கண்டறியப்பட்ட இதன் வேறுபாட்டை ஒரு பிரதி பெற்றவருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1.4 மடங்காகிறது, சென்னையில் நடந்த ஆய்வும் இத்தொடர்பை நம் மக்களிடம் உறுதிசெய்தது. குடல் செல்களின் புதுப்பித்தலை நடத்தும் டபிள்யூஎன்டி சமிக்ஞைப் பாதையில் இது இயங்குவதால் புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படுகிறது. ஆயினும், கிழக்காசியாவில் இரைப்பைப் புற்றுநோய்க்கென நடந்த மரபணுத்தொகுதி ஆய்வுகளில் (பலரின் மரபணுக்கள் அனைத்தையும் ஒப்பிடும் ஆய்வுகள்) முன்னுக்கு வந்தவை வேறு மரபணுக்கள். ஜப்பானியர் 2008இல் கண்ட பிஎஸ்சிஏ அவற்றுள் ஒன்று.

கேள்வி: என் மகளுக்கு முதல் வகை நீரிழிவு. ஹீமோகுளோபின் 9, மூன்று மாதம் இரும்பு மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை. இரைப்பையையும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஏன்?

பதில்: சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். என் பார்வையில், மரபுவழித் தொடர்பு மெய்யாகவே வலுவாகத் தெரிவது இங்கேதான். உடலின் சொந்தச் செல்களை அடையாளம் காண நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு உதவும் எச்எல்ஏ மரபணுக்களின் சில வகைகளைப் பெற்றவர்களின் நோயெதிர்ப்பு மண்டலம் கணையத்தின் இன்சுலின் செல்களைத் தாக்குவதுபோல, இரைப்பையில் அமிலம் சுரக்கும் செல்களையும் தாக்கக்கூடும். அமிலம் குறைந்தால் உணவிலுள்ள இரும்பு சரிவர உறிஞ்சப்படாது. ஆகவே இளையோரிடம் இரும்புக் குறைபாடே முதலில் தலைகாட்டுவதுண்டு, வைட்டமின் பி12 குறைபாடு பின்னால் வரும். அமிலம் இல்லாத நிலையில் அமிலச் சுரப்பைத் தூண்டும் காஸ்ட்ரின் ஹார்மோன் ஓயாமல் ஏறிக்கொண்டே போவதால், ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலருக்குக் கார்சினாய்டு எனப்படும், பெரும்பாலும் மெதுவாக வளரும் கட்டிகள் தோன்றுகின்றன. இரைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் சற்றுக் கூடுகிறது. அமிலச் செல்களுக்கு எதிரான ஆன்டிபாடி, பி12, ஃபெரிட்டின் (உடலில் சேமித்த இரும்பின் அளவு) ஆகிய இரத்தப் பரிசோதனைகளையும், சீலியாக் நோய்க்கான (கோதுமையின் குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) பரிசோதனையையும் கேளுங்கள். பயந்துவிடாதீர்கள்: இந்த வயதில் புற்றுநோய் மிக அரிது.

கேள்வி: மரபணு இணைக்கவில்லையென்றால், இரண்டாம் வகை நீரிழிவாளர்களிடம் இரைப்பைப் புற்றுநோய் ஏன் கூடுதலாகக் காணப்படுகிறது?

பதில்: ஜப்பானின் ஹிசயாமா ஊரில் 1961 முதல் மக்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், இரத்தச் சர்க்கரை உயர்ந்தவர்களிடம் இப்புற்றுநோய் அதிகமாகவும், ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் உடனிருந்தோரிடம் மேலும் அதிகமாகவும் இருந்தது. இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணி என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே வகைப்படுத்திவிட்டது. மரபணுவை மாற்ற இயலாது. கிருமியை மருந்தால் ஒழிக்கலாம்.

கேள்வி: அப்படியானால் எங்கள் குடும்பத்துக்கு மரபணுப் பரிசோதனை வேண்டாமா? (முதல் கேள்வியைக் கேட்டவர்)

பதில்: நீரிழிவைக் காரணமாகக் காட்டி வேண்டாம். அப்பாவின் பயாப்ஸி அறிக்கையில் "டிஃப்யூஸ்" வகை (கட்டியாகத் திரளாமல் இரைப்பைச் சுவரில் பரவும் வகை) என்று இருந்து, அவருக்கு ஐம்பது வயதுக்கு முன்பே நோய் வந்திருந்தாலோ, இரத்த உறவில் வேறு எவருக்கேனும் அதே நோயோ மார்பகத்தில் லோபுலார் புற்றுநோயோ (பால் சுரப்பிகளில் தொடங்கும் வகை) இருந்தாலோ, சிடிஎச்1 மரபணுவைப் பரிசோதிப்பது பொருத்தமானது. 1998இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பங்களில் கண்டறியப்பட்ட இந்த மரபணுக் கோளாறுக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமில்லை. மற்றபடி, வீட்டில் உள்ள பெரியவர்கள் பைலோரிக்கான மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்துகொள்ளட்டும்.