ஒப்பரேஷனுக்கு முதல் முழங்காலுக்கு ஊசி போட்டுப் பார்க்கலாமா?

அம்மாவுக்கு 64 வயது, இரண்டு முழங்காலும் நோ, மூட்டு மாற்றச் சொல்லிவிட்டார்கள், அதற்கு முதல் ஊசி போட்டுப் பார்த்தால் என்ன, போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டொக்டர் இல்லை. மட்டக்களப்புப் பக்கம் களுதாவளையில் இருக்கிறேன், என் அம்மாவுக்கு இப்போது 69. 2023 தொடக்கம் அவருடைய இரண்டு முழங்காலுக்கும் சேர்த்து ஆறு ஊசி போட்டு, அதில் ஒரு முழங்காலை மாற்றியும் ஆயிற்று. எல்லாத் தடவையும் கூடப் போனது நான்தான், அதனால் எழுதுகிறேன்.

போட்டுப் பார்க்கலாம். ஆனால் எந்தக் காலுக்கு, எந்த ஊசி, அந்தக் கால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியாமல் போட வேண்டாம். எங்கள் அம்மாவின் ஒரு முழங்காலில் ஐந்து ஊசி போட்டும் கடைசியில் மாற்றத்தான் வேண்டியிருந்தது. மற்றதில் ஒரே ஊசியோடு இன்றுவரை ஓடுகிறது. ஆள் ஒன்று, முழங்கால்தான் வேறு.

அம்மா நாற்பது வருடமாகத் தோட்டத்தில் குந்தியிருந்து புல் பிடுங்கினவர், திருவலையில் இருந்து தேங்காய் திருவினவர். முதலில் வலது காலில்தான் தொடங்கியது. விடிய எழும்பினால் முதல் பத்து அடி சுவரைப் பிடித்துத்தான் நடப்பார், பிறகு கொஞ்சம் இளகும், பின்னேரம் திரும்ப வீங்கும். நொச்சி இலை ஒத்தடம், எண்ணெய், பனடோல் எல்லாம் ஒரு வருடம் ஓடியது. 2023 மே மாதம் ஒரு டொக்டர் "ஒரு ஸ்டெரொய்ட் ஊசி போட்டுப் பார்ப்போம் அம்மா" என்றார்.

ஊசி எப்படிப் போடுவார்கள் என்று பலருக்கும் பயம், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன். கட்டிலில் படுக்கவைத்து முழங்காலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்தார்கள். டொக்டர் முழங்கால் சிரட்டையின் பக்கத்தில் விரலால் தடவித் தடவிப் பார்த்து, ஓர் இடத்தில் பெருவிரல் நகத்தால் அழுத்தி அடையாளம் வைத்தார். மண்ணிற மருந்தால் மூன்று தரம் துடைத்தார். ஊசி உள்ளே போனதும் முதலில் தண்ணீரை இழுத்தார், நல்லெண்ணெய் மாதிரி மஞ்சளாய், கொஞ்சம் வழுவழுப்பாய், பெரிய சிரிஞ்ச் ஒன்று நிறைய வந்தது. ஊசியை எடுக்காமல் சிரிஞ்சை மட்டும் மாற்றி, பால் கலங்கின தண்ணீர் மாதிரி இருந்த மருந்தைச் செலுத்தினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார், ஆனால் சத்தம் போடவில்லை.

வெளியே வந்து நாலு அடி வைத்ததும் "புள்ள, இது என்ட கால்தானா கா? ஒண்டும் நோகல்ல" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அது ஸ்டெரொய்ட் செய்த வேலை இல்லை, அதோடு கலந்து போட்ட விறைப்பு மருந்தின் வேலை. இரவு எட்டு மணிக்கெல்லாம் நோ திரும்பி வந்தது, முன்பைவிடக் கொஞ்சம் கூடவும் இருந்தது. இதை எங்களுக்கு யாரும் முதலே சொல்லவில்லை, அன்றிரவு முழுக்கப் பயந்துபோய் இருந்தோம். ஒன்றிரண்டு நாள் அப்படி இருப்பது சிலருக்கு வழக்கம்தான், ஐஸ் வைத்தால் அடங்கும், ஊசி போட்ட இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஆனால் காய்ச்சல் வந்தாலோ, முழங்கால் சிவந்து கொதித்தாலோ, நாளுக்கு நாள் நோ கூடிக் காலே ஊன்ற முடியாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் கிருமி போவது மிக அரிது, போனால் அது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாம் நாள்தான் உண்மையான சுகம் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, வழக்கமாகச் சாப்பாட்டுக்கு முன் 130, 140 என்று இருக்கும். ஊசி போட்ட அடுத்த நாள் 298. மெஷின் பழுது என்று நினைத்து என் விரலிலும் குத்திப் பார்த்தேன், அது சரியாகத்தான் காட்டியது. ஸ்டெரொய்ட் மூட்டுக்குள் போட்டாலும் இரத்தத்தில் சீனியைச் சில நாளுக்கு ஏற்றும். அம்மாவுக்கு ஆறாம் நாள்தான் பழைய நிலைக்கு இறங்கியது. உங்கள் அம்மாவுக்கும் சீனி இருந்தால் ஊசி போடுவதற்கு முதலே கிளினிக்கில் சொல்லி, குளிசையோ இன்சுலினோ எப்படிச் சரிப்படுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு கிழமையும் ஒவ்வொரு நாளும் பாருங்கள்.

சரி, இனி நாங்கள் விட்ட பிழை. நோ இல்லை என்றதும் அம்மா கதிர்காமப் பாதயாத்திரைக்கு ஆயத்தப்பட்டார். இளவயதில் உகந்தையால் இறங்கிக் காட்டுப் பாதையால் நாலு தரம் போனவர், கால் நோ வந்தபிறகு நின்றுபோனது. முருகன் காலைத் தந்துவிட்டான் என்று சொன்னபோது நான் எப்படி மறிப்பது? ஊசி போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. திருக்கோவிலில் இருந்து கூட்டத்தோடு நடந்தார். பொத்துவில் போகும்போதே முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டோரம் இருந்துவிட்டார். அண்ணா வான் பிடித்துக்கொண்டு போய்க் கூட்டிவந்தார். வரும் வழியில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊசி நோவைத்தான் எடுக்கிறது, தேய்ந்ததை வளர்த்துக் கொடுப்பதில்லை. இதை நாங்கள் விளங்கிக்கொள்ள அவ்வளவு நாள் எடுத்தது. அந்தச் சுகம் மொத்தமாகப் பதினொரு கிழமை இருந்தது. பொதுவாகச் சில கிழமையில் இருந்து மூன்று மாதம் வரை என்பார்கள், அந்தக் கணக்கில் அம்மாவுக்குக் கிடைத்தது நல்ல பலன்தான். ஆனால் அந்தப் பதினொரு கிழமையில் தொடைத் தசையைப் பலப்படுத்தப் பயிற்சி செய்திருக்க வேண்டும், நாங்கள் அதை நடந்தே செலவழித்துவிட்டோம்.

ஒக்டோபரில் அதே காலுக்கு இரண்டாம் ஊசி. மூன்று கிழமைதான் தாங்கியது. திரும்பத் திரும்பப் போட்டால் என்ன என்று நானும் கேட்டேன், ஒரு மூட்டுக்கு மூன்று மாதத்துக்குள் திரும்பப் போடுவதில்லை என்றார் டொக்டர். அப்புறம் தேடிப் படித்தேன். 2017 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 140 பேரை எடுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் என்று இரண்டு வருடம் பாதிப் பேருக்கு ஸ்டெரொய்டும் பாதிப் பேருக்கு வெறும் சேலைனும் (மருந்து இல்லாத உப்புத் தண்ணீர்) போட்டிருக்கிறார்கள். நோ குறைந்ததில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஸ்டெரொய்ட் போட்டவர்களின் குருத்தெலும்புதான் கூடத் தேய்ந்திருந்தது. ஆகவே எப்போதாவது ஒன்று என்பது வேறு, அதையே நம்பிக்கொண்டு வருடக்கணக்காகப் போடுவது வேறு.

இதற்குள் ஊரில் எல்லாரும் ஜெல் ஊசியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். 2024 மார்ச்சில் ஒரு தனியார் இடத்தில் கிழமைக்கு ஒன்றாக மூன்று ஊசி போட்டோம். பெரும்போக நெல் விற்ற காசில் பாதிக்கு மேல் அதற்குப் போனது. அந்த ஜெல்லில் இருப்பது ஹயலூரோனிக் அசிட், மூட்டுக்குள் இயற்கையாக இருக்கும் வழுவழுப்பான நீரில் உள்ள அதே பொருள். சில வகைகளைச் சேவல் கொண்டையில் இருந்து எடுக்கிறார்கள், முட்டை, கோழி ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலே சொல்ல வேண்டும். 1997 இல் இருந்து அமெரிக்காவில் அனுமதி உள்ளதுதான், ஆனால் இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டி 2022 இல் முழங்கால் தேய்வுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. சேலைன் போட்டவர்களோடு ஒப்பிட்டால் கிடைக்கும் நன்மை அவ்வளவு சிறிது. அம்மாவுக்கு ஒரு நன்மையும் இல்லை, இரண்டாவது ஊசிக்குப் பிறகு வீங்கியதுதான் மிச்சம். எனக்கு இன்றும் ஆறாத கோபம் என்னவென்றால், அங்கே ஒருவரும் அம்மாவை நிற்கவைத்து எக்ஸ்ரே எடுக்கவில்லை. படுத்தபடி எடுத்த பழைய படத்தைப் பார்த்துத்தான் போட்டார்கள்.

அடுத்த மாதம் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை எலும்பு கிளினிக்குக்குப் போனபோதுதான் நின்று எக்ஸ்ரே எடுத்தார்கள். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பேனையால் காட்டினார். இடது காலில் இரண்டு எலும்புக்கும் நடுவில் ஒரு கோடு மாதிரி இருட்டு இருந்தது, கொஞ்சம் ஒடுங்கியிருந்தாலும் இருந்தது. வலது காலின் உள்பக்கத்தில் அந்தக் கோடே இல்லை, எலும்பில் எலும்பு. படுத்து எடுத்தால் உடம்புப் பாரம் விழாது, அதனால் இடைவெளி இருப்பது போலத் தெரியும், நின்றால்தான் உண்மை தெரியும் என்றார். தேய்வை 1 இல் இருந்து 4 வரை தரம் பிரிப்பார்களாம், வலது 4, இடது 2. "வலதுக்கு இனி எந்த ஊசியும் வேண்டாம் அம்மா. இடதைக் காப்பாற்றலாம்." அவ்வளவுதான் சொன்னார்.

இடது காலுக்கு அன்றைக்கு ஒரு ஸ்டெரொய்ட் ஊசி, கையோடு பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். இந்தத் தடவை நாங்கள் ஒரு நாளையும் வீணாக்கவில்லை. சாரத்தைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்திருப்பது, காலை நீட்டியபடி ஒரு சாண் உயர்த்துவது, கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பித் திரும்ப உட்காருவது. காலையும் பின்னேரமும் பத்துப் பத்துத் தரம். முதல் கிழமை எழும்பவே முடியவில்லை, கதிரைக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினோம், பிறகு ஒன்றாக்கி, அப்புறம் எடுத்துவிட்டோம். திருவலையை மாற்றி மேசையில் பூட்டுகிற ஒன்று வாங்கினோம், கக்கூசுக்குக் கமோட் வைத்தோம். பொல்லை நோகிற காலின் பக்கத்துக் கையில் பிடித்திருந்தார், எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டுமாம், மாற்றிய அன்றைக்கே நடை நேரானது. இரவுச் சோற்றைக் குறைத்து ஐந்து மாதத்தில் ஐந்து கிலோ இறங்கினார். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் சுமை கிட்டத்தட்ட நாலு கிலோ குறையும் என்று பிசியோ பிள்ளை சொன்னதில் இருந்து அம்மா தானே தராசில் ஏறிப் பார்ப்பார்.

வலது முழங்காலை 2024 செப்டெம்பரில் மாற்றினார்கள். ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் அதே மூட்டை மாற்றினால் கிருமி பிடிக்கும் ஆபத்துக் கூடும் என்பதால் தள்ளிப்போடுவார்கள். இது உங்களுக்கு முக்கியம். ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைக்கும் நிலையில் இருந்தால் நடுவில் அந்தக் காலுக்கு ஊசி போட்டுத் திகதியை இழக்க வேண்டாம், போட்டிருந்தால் மறைக்கவும் வேண்டாம்.

ஒப்பரேஷன் லேசானது என்று சொல்ல மாட்டேன். அடுத்த நாளே வோக்கர் பிடித்து நடக்கவைத்தார்கள், முதல் மூன்று கிழமை காலை மடக்கும் பயிற்சியின்போது அம்மா அழுதார், நான் அறைக்கு வெளியே நின்று அழுதேன். ஐந்து பேரில் ஒருவருக்கு மாற்றிய பிறகும் ஓரளவு நோ இருக்கலாம் என்று முதலே சொல்லியிருந்தார்கள், அதைத் தெரிந்துகொண்டுதான் சம்மதித்தோம். மூன்றாம் மாதம் தனியே சந்தைக்குப் போனார். போடும் மூட்டு பத்து வருடம்தான் வரும் என்று ஊரில் சொல்வார்கள், 2019 இல் மூட்டு மாற்றியவர்களின் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்ததில் 100 இல் 82 மூட்டுகள் 25 வருடம் தாண்டியும் இருந்தன. அந்தப் பயத்தால் மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

சொந்த இரத்தத்தை எடுத்துச் சுழற்றிப் போடும் பிஆர்பி ஊசியை நாங்கள் போடவில்லை. 2021 இல் அவுஸ்திரேலியாவில் 288 பேரில் செய்த ஆய்வில் அது சேலைனைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. கடன் வாங்கிப் போடாதீர்கள்.

இந்த வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்கு அம்மா கோயிலில் கதிரையில்தான் இருந்தார், நிலத்தில் இருக்க முடியாதது அவருக்குக் கவலைதான். ஆனால் வீட்டில் இருந்து கோயிலுக்கும், கோயிலில் இருந்து வீட்டுக்கும் பொல்லு இல்லாமல் நடந்தார். இடது காலுக்கு இரண்டாம் ஊசி இதுவரை தேவைப்படவில்லை.

உங்கள் அம்மாவின் எக்ஸ்ரே நின்று எடுத்ததா, எந்தக் கால் கூட நோ, சீனி இருக்கிறதா, இதுவரை ஏதும் ஊசி போட்டிருக்கிறீர்களா? கேட்டு எழுதுங்கள். கிளினிக்கில் எங்களுக்குத் தந்த பயிற்சித் தாள் கையில் இருக்கிறது, அம்மா எப்படிச் செய்தார் என்று ஒவ்வொன்றாக எழுதி அனுப்புகிறேன்.