சுன்னாகத்தைச் சுற்றிப் பிள்ளைகளோடு: வாசகர் கேள்வி – பதில்

ஆகஸ்ட் விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் ஒன்றாக வருகிற காலம். கடிதங்களும் குவிந்துவிட்டன. பாதிப்பேர் வெளிநாட்டிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் சுன்னாகம், மல்லாகம், உடுவில் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்கப்போகிறவர்கள். பிள்ளைக்கு என்ன வயது, வாகனம் இருக்கிறதா, எத்தனை நாள் நிற்பீர்கள் என்று எழுதாமல் "நல்ல இடம் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டவர்களுக்கு இந்த முறை பதில் இல்லை. விவரத்தோடு திரும்ப எழுதுங்கள்.

இரண்டு நாளில் கீரிமலை, நிலாவரை, கசூரினா, நெடுந்தீவு, கோட்டை, பருத்தித்துறை எல்லாம் பார்த்துவிடலாமா? பிள்ளைகளுக்கு 5, 8 வயது. (லண்டன்)

முடியாது. வாகனத்துக்குள் தூங்கிய பிள்ளைகளைத்தான் திரும்பக் கொண்டுவருவீர்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம். காலை 7 மணிக்கு முன் வெளிக்கிடுங்கள், பத்தரைக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள், மிச்சத்தைப் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு பாருங்கள். இதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், இனியும் எழுதுவேன்.

சுன்னாகம் சந்தைக்குள் சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாமா? சனநெரிசல் என்று மாமியார் தடுக்கிறார். (உரும்பிராய்)

தாராளமாகப் போகலாம். காசு கொடுத்து நுழைகிற எந்தப் பூங்காவையும்விட ஆறு வயதுப் பிள்ளைக்குச் சந்தை நல்லது. விடியவே போங்கள். தோட்டக்காரர் மரக்கறியும் வாழைக்குலையும் கொண்டுவந்து இறக்குகிற நேரத்தில் ஏலம் கூறுகிற சத்தத்தைப் பிள்ளை ஒருமுறை கேட்கட்டும். வாழையில் கதலி எது, இதரை எது, கப்பல் எது, மொந்தன் எது என்று கையில் கொடுத்துக் காட்டுங்கள். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலை எடுத்து முறிக்கச் சொல்லுங்கள். கல்லுப்போல இருக்கிறதே என்று முழிக்கும். ஒரு துண்டை வாயில் போட்டு ஊறவிட்டு மென்றால் பிறகு பையை விடாது. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கு வைகாசி, ஆனிதான் காலம். ஆகஸ்டில் வருகிறவர்கள் பனம்பழ வாசத்தைத் தேடிப் போங்கள்.

மாமியாரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஏற்றி இறக்குகிற வண்டிகள் பின்பக்கமாக வருகிற இடம் அது. பிள்ளை உங்கள் கை எட்டுகிற தூரத்தில் நிற்க வேண்டும்.

கீரிமலையில் மகனும் மகளும் நானும் ஒன்றாகக் குளிக்க முடியுமா? (தாய், கொழும்பு)

ஒன்றாக முடியாது. ஆண்களுக்குத் திறந்த கேணி, பெண்களுக்கு மறைப்புள்ள கேணி. சின்ன மகனை உங்களோடு வைத்திருக்கலாம். பத்து வயதுப் பையன் என்றால் மாமனோ சித்தப்பாவோ யாராவது ஓர் ஆண் கூட வரவேண்டும். அவனைத் தனியே விட்டுவிட்டு மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டுப் பார்ப்பது காவல் ஆகாது.

படிகளில் பாசி வழுக்கும், உட்கார்ந்து இறங்குங்கள். சவர்க்காரம், ஷாம்பு இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடனுக்கு வருகிற கூட்டத்தில் பிள்ளைகளோடு குளிக்கப் போவது சரியில்லை, வேறு நாள் பாருங்கள். குளித்து முடித்துக் கேணிச் சுவரருகே நின்று காட்டுங்கள்: ஒரு பக்கம் கடல் உப்பு, சில அடி தள்ளி இந்தப் பக்கம் ஊற்று நீர். இரண்டையும் நாக்கில் தொட்டுப் பார்த்த பிள்ளை வாழ்நாளில் மறக்காது. குதிரைமுகம் நீங்கப்பெற்ற மாருதப்புரவீகவல்லி கதையையும் கீரிமுகம் நீங்கிய நகுல முனிவர் கதையையும் அங்கேயே வைத்துச் சொல்லுங்கள்.

நிலாவரைக் கிணற்றில் இறங்கி நீந்தலாமா? அடியே இல்லையாமே? எலுமிச்சம்பழம் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்கிறார்கள், பிள்ளைகளோடு போட்டுப் பார்க்க ஆசை. (மூன்று பேர் கிட்டத்தட்ட இதே மாதிரி எழுதியிருக்கிறார்கள்)

நீந்தக்கூடாது. எலுமிச்சம்பழமும் போடக்கூடாது. இந்த இரண்டு வரியோடு நிறுத்தியிருப்பேன், ஆனால் வருடம் தவறாமல் இதே கேள்வி வருவதால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சுன்னாகம்–புத்தூர் வீதியால் கிழக்கே எட்டொன்பது கிலோமீற்றர் போனால் நவக்கிரியில் நிலாவரை. இராமர் அம்பு எய்து உண்டாக்கிய ஊற்று என்பது ஊர்க்கதை. நல்ல கதை, பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் அடி இல்லை என்பது பிழை. அடி இருக்கிறது, ஏறத்தாழ 50 மீற்றரில். பதினைந்து மாடிக் கட்டடத்தை உள்ளே இறக்கி வைக்கலாம் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள், விளங்கும். அந்த ஆழத்துக்கு மேலே, கரையிலிருந்து ஓரடி தள்ளிக்கூட நிலைகொள்ள இடமில்லாத நீரில், காற்றடைத்த வளையத்தோடு ஐந்து வயதுப் பிள்ளையை இறக்க நினைக்கிறவர்களுக்கு என்ன சொல்வது?

அது எப்படி உண்டானது என்று தெரிந்தால் இந்த ஆசை தானாகப் போகும். நம் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, இறங்கி, கல்லைக் கரைத்து உள்ளே குகைகளையும் பொந்துகளையும் உண்டாக்குகிறது. மேல்கூரை ஒரு நாள் இடிந்து விழுந்தால் நிலாவரை போன்ற ஒன்று திறந்துகொள்ளும். வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்றுகூட நமக்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழைதான் இந்தக் கல்லுக்குள் சேர்ந்து நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, ஆகவே உப்புநீரின் மேல் மிதக்கிறது. நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப்போக உப்பு. உங்கள் வீட்டுக் கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் சவர்த் தண்ணீர் வருவதற்கும் இதுவே காரணம்.

இப்போது எலுமிச்சம்பழத்துக்கு வருவோம். நிலத்தடி வழிகள் ஒன்றோடொன்று தொடர்புபட்டவை என்று நம் பெரியவர்கள் உணர்ந்திருந்தார்கள். பழம் போய்க் கீரிமலையில் மிதக்கும் என்ற கதையின் உள்ளீடு அதுதான். அந்த உள்ளீட்டை விட்டுவிட்டுப் பழத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம். போன கோடையில் அங்கே அரைமணி நேரம் நின்றேன். ஓரத்தில் ஐந்தாறு எலுமிச்சம்பழம் அழுகி வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு யோகட் கோப்பை, இரண்டு சோடாப் போத்தல். ஒரு தகப்பன் தன் மகளின் கையில் பழத்தைக் கொடுத்து "தூரமாக எறி" என்று பழக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை எறிந்துவிட்டு, "அப்பா, இதை யார் எடுப்பினம்?" என்று கேட்டது. அவரிடம் பதில் இருக்கவில்லை.

அந்தத் தண்ணீர் சுற்றியுள்ள தோட்டங்களின் கிணறுகளோடு சேர்ந்தது. நிலாவரைக்குள் ஒன்றை எறிவது அடுத்தவர் குடத்துக்குள் எறிவதுதான். வேலிக்கு வெளியே நின்று பாருங்கள், பிள்ளையின் தோளில் ஒரு கை வைத்திருங்கள். கீழே போகிற ஆசை பெரியவர்களுக்குத்தான் கூட, அவர்களையும் பிடித்து வையுங்கள்.

கந்தரோடையில் பிள்ளைகள் பார்க்க என்ன இருக்கிறது? (சங்கானை)

சந்தையிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீற்றர். சைக்கிளில் போக இதைவிட நல்ல இடம் இல்லை. பனைகளுக்கு நடுவே ஆளுயரம், அரையாளுயரம் என்று இருபது வரையான சின்னத் தூபிகள், கவிழ்த்து வைத்த சட்டிகள் மாதிரி. 1917 இல் வரலாற்றாசிரியர் போல் பீரிஸ் இங்கே அகழ்ந்து பார்த்தார், 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் தோண்டினார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட குடியிருப்பு. ஓட்டுத்துண்டு ஒன்று காலில் தட்டுப்பட்டால் பார்த்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே விடுங்கள். தூபியின் மேல் பிள்ளையை ஏற்றி வைத்துப் படம் எடுக்காதீர்கள். மாரியில் போனால் பக்கத்தில் வழுக்கையாறு ஓடுவதையும் காட்டலாம். மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற ஆறு அது.

இரண்டு வயதுக் குழந்தையோடு நெடுந்தீவு? (ரொறன்ரோ)

வேண்டாம். குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் நல்லாக ஆட்டும். தீவுக்குள் நிழலும் குறைவு. காட்டுக் குதிரைகளும் பெருக்கமரமும் (பாவோபாப்) அவள் ஏழு வயதில் வரும்போதும் இருக்கும். இப்போது அதே துறையிலிருந்து நயினாதீவுக்குப் போங்கள், கால்மணி, இருபது நிமிடப் படகு. உயிர்காப்பு அங்கியைக் குழந்தைக்கு முதலில் போடுங்கள். அளவான அங்கி இல்லையென்றால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.

கசூரினாவில் கடல் ஆழமில்லை, அலையும் இல்லை. பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு நாங்கள் மரத்தடியில் சமைக்கலாம்தானே? (கோப்பாய்)

"விட்டுவிட்டு" என்ற சொல்லை வெட்டிவிட்டு மறுபடி வாசியுங்கள். கரை நெடுந்தூரம் ஆழமில்லாமல் போவது உண்மை, குடாநாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல கடல் எனக்குத் தெரியாது. ஆனால் கசூரினா காரைநகரின் வடகரை. சோளகம் தென்மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால்தான் அலை அடங்கிக் கிடக்கிறது. அதே காற்று டியூபில் இருக்கிற பிள்ளையை மெதுவாக வெளியே தள்ளிக்கொண்டு போகும். பிள்ளை சிரித்துக்கொண்டே போகும், நீங்கள் கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். டியூப், காற்றடைத்த வாத்து எதுவும் வேண்டாம். ஒரு பெரியவர் இடுப்பளவு நீரில், பிள்ளைகளுக்குக் கடல் பக்கமாக நிற்க வேண்டும். முறை வைத்து மாறி மாறி நில்லுங்கள். காங்கேசன்துறைக் கரைக்கும் இதே பேச்சு.

மணற்காட்டு மணல்மேடுகளுக்கு மத்தியானம் போகலாமா?

கால் வெந்துவிடும். பின்னேரம் நாலரைக்குப் போய், மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயிலைப் பார்த்து, இருட்டுமுன் திரும்புங்கள். வழியில் வல்லிபுர ஆழ்வாரையும் கும்பிடலாம்.

பூநாரை பார்க்க ஆகஸ்டில் எங்கே போவது? (மெல்பேர்ன்)

ஆகஸ்டில் கூட்டமாகக் காண்பது அரிது. மாரி மழை முடிந்த பிறகு, தை, மாசியில் வாருங்கள். மண்டைதீவுப் பக்கக் களப்பையும் வல்லை வெளியையும் விடியப் பாருங்கள். வாகனத்தைவிட்டு இறங்கி ஓடிக் கலைக்காதீர்கள்.

அம்மம்மாவுக்கு முழங்கால் நோ, பேரனுக்கு நாலு வயது. இரண்டு பேரும் சேர்ந்து போகக்கூடிய ஒரு பயணம் சொல்லுங்கள். (ஏழாலை)

இந்த முறை வந்த கடிதங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். சுன்னாகம் ஸ்ரேசனில் றெயில் ஏறுங்கள். மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை. கால்மணி, இருபது நிமிடம்தான். இந்தப் பாதையில் 1990 இல் றெயில் நின்று, தண்டவாளமும் இல்லாமல் போய், 2015 ஜனவரியில்தான் காங்கேசன்துறை வரை மறுபடி ஓடத் தொடங்கியது. உங்கள் அம்மம்மா அதற்கு முந்திய யாழ்தேவியில் போயிருப்பார். அவரை ஜன்னலோரம் இருத்தி, பேரனை அவர் மடியில் இருத்துங்கள். பெட்டிப்படி உயரம், ஏறும்போது பின்னால் ஒருவர் தாங்க வேண்டும். நேரத்தை முதல் நாளே ஸ்ரேசனில் போய்க் கேளுங்கள், திரும்புகிற வண்டியின் நேரத்தையும் சேர்த்து. கையில் தண்ணீர்ப் போத்தல், ஒரு பொதி கச்சான். காங்கேசன்துறையில் அவருக்கு நடக்க முடியாவிட்டால் ஸ்ரேசன் வாங்கில் இருந்து கடற்காற்று வாங்கிவிட்டு அடுத்த வண்டியில் திரும்பலாம்.

விண் கட்டின பட்டம் என் மகனுக்குக் காட்ட வேண்டும். எப்போது வரட்டும்? (பாரிஸ்)

தைப்பொங்கலுக்கு. அன்று பின்னேரம் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழா. ஆனால் கூட்டத்துக்குப் போகமுன் ஊரில் ஒரு வயல் வெளியில் ஒரு கொக்குப் பட்டமாவது ஏறுவதைப் பக்கத்தில் நின்று காட்டுங்கள். விண் என்பது மூங்கில் வில்லில் இழுத்துக் கட்டிய நார். காற்றுப் பட்டதும் அது அதிரத் தொடங்கி, பட்டம் ஏறஏற ஊரெல்லாம் கூவும். நூலை ஒரு கணம் அவன் கையில் கொடுங்கள், அந்த அதிர்வு விரலுக்கு வரும். மின்கம்பி இல்லாத வெளியாகப் பாருங்கள், நைலோன் நூல் கையை அறுக்கும், துணி சுற்றிக் கொடுங்கள்.